யாரைக் கேட்டு வரைந்த வரைபடம்?

(பருவநிலை மாற்றத்துக்கு நகரங்களைத் தயார்செய்வதில் குடிமக்களின் பங்கு குறித்துச் சென்னையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகரம், மழை, வெள்ளம் என்று பேச வருகிறவர் சென்னையில்தான் தொடங்குவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சென்னைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கடல் கடந்து ஓர் ஊருக்குப் போய்விட்டு வருவோம். அங்கே நடந்ததைப் பார்த்துவிட்டு நம் ஊரைப் பார்த்தால் சில விஷயங்கள் பளிச்சென்று தெரியும்.

2005 ஆகஸ்ட் 29ஆம் தேதி கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைத் தாக்கியது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்தன. ஊரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போனது. நாலரை மாதம் கழித்து, 2006 ஜனவரி 11 அன்று, அந்த ஊர் நாளிதழில் ஒரு வரைபடம் வெளியானது. நகரத்தை மீண்டும் கட்டுவதற்காக மேயர் அமைத்த ஆணையத்தின் யோசனைகளை விளக்கும் படம் அது. தாழ்வான சில பகுதிகளின் மேல் பெரிய பெரிய பச்சை வட்டங்கள். அந்த இடங்கள் இனிமேல் பூங்காவாகவும் திறந்தவெளியாகவும் ஆகலாம் என்று குறிப்பு.

பொறியியல் கண்ணோடு பார்த்தால் அதில் பெரிய பிழை கிடையாது. பள்ளமான இடத்தில் தண்ணீர் தங்கத்தான் செய்யும். அங்கே வீட்டுக்குப் பதில் புல்வெளி இருந்தால் அடுத்த வெள்ளத்தில் உயிர்ச்சேதம் குறையும். இன்றைக்குப் பருவநிலைத் தகவமைப்பு என்று நாம் பேசுவதெல்லாம் அந்தப் படத்தில் இருந்தது. ஆனால் அந்த வட்டங்களுக்குள் வீடு வைத்திருந்தவர்களில் மிகப் பலர் அப்போது ஊரிலேயே இல்லை. ஹூஸ்டனில், அட்லாண்டாவில், உறவினர் வீட்டுக் கூடத்தில், மாத வாடகை அறையில் கிடந்தார்கள். தங்கள் வீடு பூங்காவாகப் போகிறது என்ற செய்தி அவர்களுக்குச் செய்தித்தாளில் வந்தது. நேரில் வந்து சொன்னவர் யாரும் இல்லை. வட்டங்கள் உத்தேசமானவை, எல்லை குறிப்பவை அல்ல என்று ஆணையம் விளக்கம் சொன்னது. அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

பிராட்மூர் என்று ஒரு பகுதி. கிண்ணத்தின் அடி போல் பள்ளமான இடம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்து வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு பச்சை வட்டம் விழுந்தது. சில நாட்களுக்குள் ஊரில் இருந்தவர்கள் கூடினார்கள். பிராட்மூர் உயிரோடு இருக்கிறது என்று எழுதிய பலகைகள் வீட்டு வாசல்தோறும் முளைத்தன. தெருத்தெருவாகப் பிரித்துக்கொண்டு, சிதறிப்போன அண்டை வீட்டாரைத் தொலைபேசியில் தேடிப் பிடித்தார்கள். யார் திரும்பி வருகிறார்கள், யாருக்கு என்ன தடை என்று கணக்கெடுத்துத் தாங்களே ஒரு மீட்புத் திட்டம் எழுதினார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் உதவினார்கள் என்றாலும் அது அந்தப் பகுதிக்காரர்களின் திட்டம். பள்ளியும் நூலகமும் மீண்டும் வந்தன. மேயர் அந்த வரைபடத்திலிருந்து விலகிக்கொண்டார்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். அதன் மறுபக்கம் கசப்பானது. அந்த வரைபடத்தோடு அதற்குள் இருந்த உண்மையும் சேர்ந்து குப்பைக்குப் போனது. தாழ்நிலம், பூங்கா, நீர்தேங்கும் வெளி என்ற பேச்சை எடுத்தாலே ‘எங்களைத் துரத்தப் பார்க்கிறார்கள்’ என்று மக்கள் சந்தேகப்பட்டார்கள். சந்தேகப்பட அவர்களுக்கு நியாயம் இருந்தது. ஜென்டிலி என்ற பகுதியில் மழைநீரைத் தேக்கிவைக்கும் பெரிய திட்டத்துக்கு மத்திய அரசின் 14 கோடி டாலர் கிடைத்தது 2016இல். இடையில் போனது பத்து ஆண்டு. கேட்காமல் வரைந்ததற்கு அந்த ஊர் கொடுத்த விலையில் இதையும் சேர்க்க வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சியும் அதே ஊரில்தான். 2006 அக்டோபரில் நகரத் திட்டம் பற்றிக் கருத்துக் கேட்க ஒரு பொதுக்கூட்டம் நடத்தினார்கள். சில நூறு பேர் வந்தார்கள். வந்தவர்களைக் கணக்கெடுத்துப் பார்த்தால் பெரும்பாலோர் வெள்ளையர், வசதியானவர்கள். வெள்ளத்துக்கு முன் அந்த ஊரில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். நம் ஊராக இருந்தால் ‘பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டனர்’ என்று செய்திக்குறிப்பு கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். அங்கே இந்தக் கூட்டம் செல்லாது என்று உணர்ந்து, இரண்டாவது கூட்டத்தை வேறு மாதிரி நடத்தினார்கள். டிசம்பர் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ், பேட்டன் ரூஜ், ஹூஸ்டன், டாலஸ், அட்லாண்டா ஆகிய ஐந்து நகரங்களில் ஒரே நேரத்தில், செயற்கைக்கோள் இணைப்போடு. இடம்பெயர்ந்தவர்களை அவர்கள் இருந்த ஊருக்கே போய்க் கேட்டார்கள். ஏறத்தாழ 2,500 பேர் வந்தார்கள். இம்முறை அவையைப் பார்த்தால் பழைய நியூ ஆர்லியன்ஸைப் பார்த்த மாதிரியே இருந்தது.

இப்போது சென்னை.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அந்த இரவைப் பற்றி இந்த அரங்கில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை பின்னால் சொன்னது. நான் சொல்ல வந்தது வெள்ளம் வடிந்த பிறகு நடந்ததை. அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடிசைகளுக்கு அதிகாரிகள் வந்தார்கள். பயோமெட்ரிக் எடுத்தார்கள், டோக்கன் கொடுத்தார்கள், லாரி வந்தது. குடும்பம் குடும்பமாகப் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். சில இடங்களில் பள்ளி ஆண்டின் நடுவிலேயே. நகரின் நடுவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கொண்டிருந்த பெண்ணுக்கு வேலைக்குப் போகும் தூரம் ஒரே நாளில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆனது.

போன இடம் எது? பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்ந்த நிலம். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரிக்கு மாற்றப்பட்ட மக்கள் அதற்குப் பின் எத்தனையோ மழையில் முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறார்கள். 2022இல் பள்ளிக்கரணைக்குப் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள சதுப்புநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் அதே சதுப்புநிலத்தைக் குப்பைக் கிடங்கும் சாலையும் ஐ.டி. கட்டடங்களும் அரசு நிறுவனங்களும் பல பத்தாண்டுகளாகத் தின்றுகொண்டிருந்தன. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, வெள்ளம் தங்கும் இடத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டதை என்னவென்று சொல்வது? அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி அதன்மேல் ஓடுபாதை போட்டிருக்கிறது விமான நிலையம். அதற்கு யாரும் டோக்கன் கொடுக்கவில்லை.

ஆற்றங்கரையில் குடிசை இருந்தே ஆகவேண்டும் என்பவன் அல்ல நான். அங்கே இருப்பது ஆபத்து என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். எந்தப் படியை எத்தனை மணிக்குத் தண்ணீர் தொட்டால் பிள்ளைகளை எழுப்ப வேண்டும் என்று அறிந்தவர்கள் அவர்கள். பக்கா வீடு கிடைத்தால் போவேன் என்று சொன்னவர்களும் அவர்களுக்குள் உண்டு. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? நாலைந்து கிலோமீட்டருக்குள் இடம் கொடுங்கள், பரீட்சை முடியட்டும், ஒரு தெருக்காரர்களை ஒரே பிளாக்கில் போடுங்கள் என்று கேட்டிருப்பார்கள். இதில் முடியாத கோரிக்கை எது? நகரத்துக்குள் அரசு நிலம் இல்லாமல் இல்லை. அந்த நிலம் கைவசம் இருக்கும்போதே பேசியிருந்தால்தான் அது பேச்சு. லாரி வந்து நின்ற பிறகு ‘உங்கள் கருத்து என்ன’ என்று கேட்பதற்குக் கலந்தாலோசனை என்று பேர் வைக்கக் கூடாது.

இதே விஷயத்தை எண்ணூர்க்காரர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அந்தக் கழிமுகத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள் அவர்கள். 1996இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட கடற்கரை வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தின் பெரும்பரப்பு கட்டுமானம் கூடாத பகுதி. பிற்பாடு வந்த வரைபடத்தில் அந்தப் பரப்பைக் காணவில்லை. இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர்கள் மீனவர்களும் அவர்களோடு நின்ற செயற்பாட்டாளர்களும்தான். அனல்மின் நிலையச் சாம்பலும் மண்ணும் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்தால் வடசென்னைக்கு வெள்ளம் வரும் என்று சொல்ல அவர்களுக்குக் கணினி உருமாதிரி தேவைப்படவில்லை. இறால் பிடிக்கக் கையை விடும்போது சேறு எவ்வளவு ஆழத்தில் தட்டுப்படுகிறது என்பதே போதுமானதாக இருந்தது.

இங்கே ஒருவர் எழுந்து, நம் முன்னோர் இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டார்கள், உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள் என்று சொல்லக்கூடும். பார்ப்போம். முதலாம் பராந்தக சோழன் காலம். 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனியாக ஒன்று, ஆறு பேர். கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. இந்த ஒரு விதியை மட்டும் இன்று அமல்படுத்தினால் பல மன்றங்களில் ஆளே இருக்காது! எனக்கு அந்தக் கல்வெட்டின் மேல் மரியாதை உண்டு.

ஆனால் குடத்தில் யாருடைய ஓலை விழுந்தது? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயது வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். மண் வெட்டியவர், மதகு திறந்தவர், கரை உடைந்தால் இரவில் மூட்டை சுமந்தவர், இவர்களில் எவர் பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. ஏரியை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். யாருடைய வயலுக்கு முதல் தண்ணீர் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள்.

ஆயிரத்து நூறு ஆண்டு கழித்தும் சொந்த மனை, சொந்த வீடு என்ற அந்தத் தகுதி நம்மை விட்டுப் போகவில்லை. இன்று மாநகராட்சி ‘குடியிருப்போரின் கருத்தைக் கேட்டோம்’ என்றால் பெரும்பாலும் குடியிருப்போர் நலச் சங்கத்தைக் கேட்டிருக்கிறது என்று பொருள். நலச் சங்கங்களைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. இந்த அரங்கிலேயே அவற்றின் நிர்வாகிகள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். குளத்தைத் தூர்வாரியவர்கள் நீங்கள், வழக்குப் போட்டவர்கள் நீங்கள், உதவிப் பொறியாளரின் தொலைபேசி எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர்களும் நீங்கள்தான். ஆனாலும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாடகைக்கு இருப்பவர் எத்தனை பேர்? கால்வாயோரக் குடிசைக்காரர் ஒருவராவது உண்டா? கால்வாய் ஆக்கிரமிப்பை அகற்று என்று தீர்மானம் போடும்போது அந்த ஆக்கிரமிப்பாளர் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா? மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைக் காணோம். தியாகராய நகரே 1920களில் ஏரியைத் தூர்த்து எழுப்பியது. வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடத்திலும் ஒரு காலத்தில் ஏரிதான். பட்டா கையில் இருந்தால் ஏரிக்குள் வீடு கட்டியவர் குடியிருப்போர். இல்லாவிட்டால் நீர்நிலைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பாளர். தண்ணீர் இருவர் வீட்டையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

நான் சொல்வதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்றும் இந்த ஊரில் இருக்கிறது. 2003இல் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், சில மாதங்கள்தான் கெடு, செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும். யாரையும் கேட்கவில்லை, மிரட்டல்தான். ஆனால் வேலை நடந்தது. அடுத்து வந்த நல்ல மழைக்காலங்களில் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியதை நீங்களே பார்த்தீர்கள். அப்படியானால் மக்களைக் கேட்காமலே செய்துவிடலாமே?

இரண்டு காரணங்களால் அது பலித்தது என்று நினைக்கிறேன். செலவு செய்பவரும் பலன் அடைபவரும் அங்கே ஒருவரே. உன் மொட்டை மாடி, உன் கிணறு. யாரும் வீட்டை இழக்கவில்லை. சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெசன்ட் நகரில் சேகர் ராகவன் என்பவர் வீடு வீடாக ஏறி இறங்கி, கடலோர மணலில் மழைநீரை இறக்காவிட்டால் கிணறு உப்பாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்தவர்களும் இருந்தார்கள், செய்தவர்களும் இருந்தார்கள். சட்டம் வந்தபோது எப்படிச் செய்வது என்று காட்ட ஆள் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததும் தெரிந்ததே. ஆய்வாளரைத் திருப்திப்படுத்த ஒரு பிளாஸ்டிக் குழாயை மண்ணில் செருகி வைத்தவர்கள் எத்தனை பேர்! தொட்டியில் சேர்ந்த சேற்றை அள்ளச் சொல்ல யாரும் வரவில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மிரட்டிக் கட்ட வைக்கலாம். ஆண்டுதோறும் சேறு அள்ள வைக்க மிரட்டல் போதாது.

அந்த 2019இல் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது என்பதை மறந்துவிட வேண்டாம். 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் ஒரு வறட்சி, 2021 நவம்பரில் ஒரு வெள்ளம். மக்களைக் கேட்பது இருக்கட்டும், மக்கள் போய்க் கேட்கவே ஆள் இல்லாத ஐந்து ஆண்டுகள்.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பெரிய நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தது 2022இல். அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல் பகுதி சபைகள் கூடின. கிராமத்தில் கிராம சபை மாதிரி நகரத்தில் இது. உறுப்பினர்களைத் தேர்தல் நடத்தி எடுக்காமல் நியமிக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்தல்தான். பல கூட்டங்களில் தெருவிளக்கு, குப்பை, நாய்த் தொல்லை மூன்றோடு நேரம் முடிந்துவிடுகிறது. இருந்தாலும் கதவு திறந்திருக்கிறது. அதே 2022இல் சென்னையின் பருவநிலைச் செயல்திட்ட வரைவு மக்கள் கருத்துக்கு வெளியானது, முதலில் ஆங்கிலத்தில் மட்டும். எதிர்ப்பு எழுந்த பிறகுதான் தமிழில் வந்தது, அவகாசமும் நீட்டித்தார்கள். காசிமேட்டிலும் கண்ணகி நகரிலும் இருப்பவர் படிக்க வேண்டிய ஆவணம் அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் வருவதற்கே ஒரு சண்டை தேவைப்பட்டது. 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அமைந்த வெள்ளத் தணிப்புக் குழு 2023 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து ஊர் மூழ்கியபோது, அந்த அறிக்கையை வெளியிடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளத்துக்குக் கேமரா வருகிறது, வெயிலுக்கு வருவதில்லை. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னால் வந்த ஆய்வு கணக்கிட்டது. 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. அங்கே மகிளா ஹவுசிங் டிரஸ்ட் குடிசைப் பகுதிப் பெண்களோடு சேர்ந்து கூரைகளுக்கு வெள்ளையடித்தது. தகரக் கூரையின் கீழ் பகலெல்லாம் உட்கார்ந்து தைப்பவரும் பீடி சுற்றுபவரும் எந்த மணியில் வீடு தாங்க முடியாமல் போகிறது என்பதை அறிவார்கள். தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அடுத்ததாக நிழற்பந்தல் எங்கே வேண்டும், தூய்மைப் பணியாளரின் பணிநேரம் எப்போது மாற வேண்டும் என்பதைப் பாரிமுனையில் கூடை வைத்து உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். குளிரூட்டிய அறையில் செய்தால் பந்தல் பூங்காவுக்குள் போய் நிற்கும்.

‘இதற்கெல்லாம் நேரம் ஏது? அடுத்த மழை காத்திருக்குமா?’ என்று அதிகாரிகள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. நியூ ஆர்லியன்ஸின் முதல் கூட்டத்துக்கும் இரண்டாவது கூட்டத்துக்கும் நடுவில் இருந்தது ஐந்து வாரம். சிதறிப்போன ஒரு நகரத்தை ஐந்து ஊர்களில் போய்க் கேட்க அது போதுமானதாக இருந்தது. நம் மழைநீர் வடிகால் டெண்டர் ஒன்றுக்கே அதைவிட அதிக நாளாகிறது.

அடுத்த பகுதி சபைக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். டெண்டர் விடுவதற்கு முன்பே வடிகால் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். எந்த மட்டத்தில் தொடங்கி எந்தக் கால்வாயில் விழுகிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கூட்டத்தை வேலைநாள் காலை பதினொரு மணிக்கு வைக்காமல், வேலை முடிந்து வீடு திரும்பியவர் வரக்கூடிய நேரத்தில், கால்வாயோரத் தெருவிலேயே வைக்கச் சொல்லுங்கள். நலச் சங்க நிர்வாகிகளுக்கு இன்னொரு வேண்டுகோள். உங்கள் தெரு வடிகால் கடைசியில் கொட்டும் இடம் பெரும்பாலும் வேறு வார்டில் இருக்கும். அந்த வார்டின் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று விசாரித்து, ஒருமுறை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அங்கே அவர்கள் பேசிக்கொண்டிருப்பது உங்கள் தண்ணீரைப் பற்றித்தான்.